யோசப் கங்காணி விருந்தாளியாகப் போனது

தெரேசம்மாவுக்குத் தன் புருஷன் மீது நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் ஒன்று உண்டு. அது கல்யாணத்துக்கு முந்திய காலம். பிறகு அவரைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அளவுக்கு மீறிக் கிடைத்துவிட்டது.

யோசப் தெஹியோவிட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது, வந்தவர் வராதவரைக் கணக்கப்பிள்ளைக்குச் சொல்வது, பிறகு அவர்களைப் பால் வெட்டும் மலைக்கு ஓட்டிக்கொண்டு போவது, இதுதான் வேலை. ஆட்களுக்கு முன்னால் அவருடைய முதுகு தந்திக் கம்பம். தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அதே முதுகு ஈரத் துணி. ஒரே மனுஷனிடம் இரண்டு முதுகு இருப்பதைத் தோட்டத்தில் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். தெரேசம்மாவால் முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்.

அறுபது வயதானதும் செக்ரோல் பதிவேட்டில் அவருடைய பேரை வெட்டினார்கள். மறுநாளும் இருட்டோடு எழும்பிப் பெரட்டுக் களத்துக்குப் போய் ஓரமாக நின்றார். அவருடைய இடத்துக்கு வந்த மூக்கையா, "என்னண்ணே, திரும்பவும் பேரு குடுக்க வந்தீங்களா?" என்று கேட்க, ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வந்தார். அடுத்த நாளும் போனார். சிரிப்புத்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் போகிற ஆளை என்னவென்று சொல்வது? தெரேசம்மா தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். பால் வெட்டப் போகும் தாய்மார் அங்கே விட்டுச் செல்கிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. புத்தி வளராத பிள்ளைகளைப் பார்ப்பது அங்கே குறைந்தபட்சம் பகல் நேரத்தோடு முடிந்துவிடும்.

சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்கும் சாவடிகளில் மணல் மூட்டைகள் சரிந்து புல் முளைத்திருந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒருநாள் தெஹியோவிட்டை கடைவீதியில் யோசப்புக்குத் தரிசனம் கிடைத்தது. முன்பு தோட்டத்தில் சின்னத்தொரையாக இருந்தவர் ஜீப்பை நிறுத்தி இறங்கி, "யோசப் கங்காணி!" என்று கூப்பிட்டு, அவருடைய தோளில் கையை வைத்துவிட்டார். அந்தச் சட்டையை யோசப் துவைக்கப் போடாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போட்டுக்கொண்டு போனார்.

"நம்மள விருந்தாளியா வரச் சொல்லியிருக்காரு, தெரேசு. ருவான்வெல்லைக்கு அங்கிட்டு காட்டுக்குள்ள ஓட்டல் மாதிரி கட்டியிருக்காராம். ரெண்டு நாளு. சாப்பாடு, படுக்கை எல்லாம் அவருதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மா இருக்கிறதுக்குத்தான். மரஞ்செடியப் பாத்துக்கிட்டு, காத்து வாங்கிக்கிட்டு."

"இங்க மரம் இல்லியா? நான் பாக்காத மரமா?"

"ஒனக்கு நல்லது சொன்னா ஏறாதே."

மகள் சரோன்தான் தாயைக் கிளப்பினாள். புருஷன் வீடு சரிப்படாமல் கைப்பிள்ளையோடு திரும்பி வந்து இவர்களோடு இருப்பவள் அவள். "போயிட்டு வாங்கம்மா. ஒரு நாளாவது கால நீட்டிப் படுங்க. நாலு பேரு இந்தக் காம்பராவுல மடங்கி மடங்கிக் கெடக்கிறோம்," என்றாள். அது உண்மை. தெரேசம்மாவின் முழங்காலுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

கரவனெல்லையில் பஸ் மாறி ஏறிய பிறகுதான் யோசப் தொண்டையைச் செருமினார். செருமல் கேட்டதும் அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பதற்கு அந்தச் செருமல்தான் எப்போதும் சாட்சி.

"நம்மள புடிச்சுப்போச்சுன்னா அங்கேயே இருந்திரலாமாம். புருஷன் பொஞ்சாதியா தோட்டத்து சோடி ஒண்ணு வேணுமாம் அவருக்கு. வாரவங்களுக்கு நம்ம பழக்கவழக்கத்தக் காட்டத்தான். பெரிய வேலை ஒண்ணுமில்ல. தங்குறதுக்கு எடம் குடுப்பாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

யோசப் கையைப் பார்த்தார். "தொரை கேக்கும்போது என்னத்தச் சொல்றது? ஆகட்டுங்கன்னேன்."

தெரேசம்மாவுக்குப் பஸ் ஓடுவது நின்றுவிட்டது போலிருந்தது. அவர் பேர் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அவர்கள் இருக்கிற காம்பரா அவளுடைய பேரில்தான் நிற்கிறது. தோட்டத்தில் வேலை இருந்தால் காம்பரா. பேரை வெட்டிக்கொண்டு போனால் மறு வாரமே சாவியைக் கேட்டு ஆள் வரும். புதிதாக யாரையும் பதிவதை நிறுத்தி நாளாகிறது. சரோன் ரெண்டு தடவை ஆபீசுக்கு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டாள். தெரேசம்மா அங்கே போய் உட்கார்ந்தால், சரோன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"சரோன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் யோசப். முன் சீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்துச் சொன்னார்.

சந்தியில் ஜீப்போடு நின்றவன் றஊப். அந்த ஓட்டலின் சமையல்காரன், சாரதி, காவல்காரன் எல்லாம் அவன்தான். மேலே ஏறிப் போனதும் தெரேசம்மா முதலில் கண்டது ஒரு லயத்தை, தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டை. இறப்பர் விழுந்துபோய், ஆட்களும் இறங்கிப்போன ஒரு பழைய டிவிஷனின் லயம். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தகரத்தைக் கழற்றிவிட்டு மானாப்புல் வேய்ந்திருந்தார்கள். தன் காம்பராக் கூரைக்கு நல்ல தகரம் கேட்டு அவள் ஆபீசில் அழுத அழுகை மாதாவுக்குத் தெரியும். இங்கே நல்ல தகரத்தைக் கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குப் போட்டிருந்தார்கள். வாசலில் மரப்பலகையில் இங்கிலீசில் ஏதோ செதுக்கியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

"பழைய லயம்னு போட்டீக்கி அக்கா," என்றான் றஊப். "அதப் பாத்துத்தான் எல்லாரும் தேடி வார."

சின்னத்தொரை சாரமும் பனியனுமாக வந்தார். நெற்றி மேலே ஏறியிருந்தது, வயிறு முன்னே வந்திருந்தது. யோசப் அதற்குள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்.

"யோசப், இன்னைக்கு நீ வேலை ஆள் இல்லை. கெஸ்ட். ஹரித, சரியா?"

"ஹரிங்க தொரை."

"உக்காரு."

யோசப் பிரம்பு நாற்காலியின் விளிம்பில், அதற்கு வலிக்காதபடி உட்கார்ந்தார். தொரை உள்ளே போனார், எழும்பினார். தொரை வெளியே வந்தார், எழும்பினார். தொரையின் நாய் வந்தது, பாதி எழும்பினார். ஓய்வெடுக்க வந்த மனுஷன் அன்று பகல் முழுவதும் தோப்புக்கரணம் போட்டார்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு வெள்ளைக்கார சோடி இருந்தது. இரண்டு பேரும் வெறுங்காலோடு ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தார்கள். புருஷனின் கெண்டைக்காலில் அட்டை ஒன்று குடித்து ஊதிப்போய்த் தொங்கியது. அவன் அதைப் பிடுங்கவில்லை. பெண்சாதி முட்டி போட்டு உட்கார்ந்து அதைப் படம் பிடித்தாள். பிறகு அவன் கேமராவை வாங்கி அவனே ஒன்று பிடித்தான். தெரேசம்மா அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்புக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளைக்காரி இரண்டு கையையும் கூப்பி அதை வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

'சரிதான்,' என்று நினைத்துக்கொண்டாள் தெரேசம்மா. 'இதுகளும் பிள்ளைக் காம்பராதான்.'

விருந்தாளி என்றால் கோழியாவது இருக்கும் என்ற நினைப்பு அவளுக்கு உள்ளூர இருந்தது. வாழையிலையில் வந்தது ரொட்டி. கூடவே கட்டச் சம்பல். பிறந்த நாளிலிருந்து அவள் தின்ற அதே ரொட்டி, இன்னும் கொஞ்சம் கருக விட்டது. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். யோசப் அவர்களைப் பார்த்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

அடுப்படிக்குப் போய் றஊப்பிடம் கேட்டாள், "சோறு இல்லியா தம்பி?"

"இங்க வார ஆக்களுக்கு எல்லாமே பழசா ஈக்கணும் அக்கா. நான் புரியாணி ஆக்கினா ருவான்வெல்லை முழுக்க வாசம் அடிக்கும். கேக்கத்தான் ஆளில்ல. காலையில ரொட்டி, பகலைக்கு ரொட்டி. என்ட உம்மா அறிஞ்சா தலையில அடிச்சிக்குவா." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஆக்கின சோறு கொஞ்சம் ஈக்கி. கருவாடும் ஈக்கி. தாரன், ஒளிச்சிச் சாப்பிடுங்க."

அப்படி, ஓட்டலுக்கு விருந்தாளியாக வந்தவள் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் குந்தி, சமையல்காரனின் சோற்றைச் சாப்பிட்டாள். அந்த இரண்டு நாளில் அவளுக்கு ருசித்தது அது ஒன்றுதான்.

பொழுது சாய்ந்ததும் குப்பி விளக்கு வைத்தார்கள். அடுப்படி வரைக்கும் கரண்ட் இருந்தது. காம்பராக்களுக்குத்தான் இல்லை. தோட்டத்தில் லயத்துக்குக் கரண்ட் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. முதல் நாள் பல்பு எரிந்தபோது தெரேசம்மா சுவிட்சுக்கு ஒரு சிலுவை போட்டு முத்தம் வைத்திருந்தாள். குளிக்கும் இடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை.

"வானத்தப் பாத்துக்கிட்டே குளிக்கலாம், தெரேசு," என்றார் யோசப்.

"மழை பேஞ்சா?"

"அதுவும் ஒரு சொகந்தான்னு தொரை சொன்னாரு."

"தொரைக்குச் சொகமா இருந்தா தொரை நனையட்டும். எனக்கு என்னத்துக்கு?"

ஒன்றை மட்டும் அவளால் ஏச முடியவில்லை. மெத்தை. படுத்ததும் முதுகின் ஒவ்வொரு கணுவும் அவிழ்ந்தது. முழங்கால் தானாக நீண்டது. நீட்டிய காலில் யாரும் இடிக்கவில்லை. வெளியே ஓடை, இல்லாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல ஓடியது. நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மெத்தையைக் காட்டித்தானே வாங்கப் பார்க்கிறார்கள் என்று எண்ணியபடியே, அவள் நன்றாகத் தூங்கினாள்.

விடியற்காலையில் தப்புச் சத்தம்.

பெரட்டுக்கு ஆட்களை எழுப்பத் தோட்டத்தில் அடிக்கிற தப்பு. தாள ஞானம் இல்லாத றஊப் தகரம் தட்டுகிற மாதிரித்தான் தட்டினான். விருந்தாளிகளை எழுப்பிக் காட்டைப் பார்க்கக் கூட்டிப் போவதற்கு அங்கே அப்படி ஓர் ஏற்பாடு. தெரேசம்மா கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று நிதானிப்பதற்குள் பக்கத்து இடம் காலியாகிவிட்டது. முகம் கழுவாமல், சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு யோசப் ஓடினார். ஓடியே விட்டார். அவள் எழும்பிக் கதவருகே வந்தாள்.

முற்றத்தில், பனிக்குள், கையைக் கட்டிக்கொண்டு தனி ஆளாக ஒரு வரிசை நின்றது.

சின்னத்தொரை கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார். வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தொரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் யோசப்புக்கு விழிப்பு வந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதைத் தெரேசம்மா அவருடைய தோளில் பார்த்தாள். வேறு மனுஷனாக இருந்தால் வெட்கப்பட்டுத் திரும்பியிருப்பான். யோசப் வெட்கப்படவில்லை. தொரை சிரிக்கிறார், தொரைக்குப் பிடித்திருக்கிறது.

வரிசையிலிருந்து ஓர் எட்டு முன்னே வந்தார். திரும்பி நின்றார். முதுகு தந்திக் கம்பமாயிற்று. பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

"மூக்காயி!"

மூக்காயி செத்து, அவளைப் புதைத்த இடத்தில் புதுக் கன்று நட்டாயிற்று.

"கந்தையா!"

கந்தையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவன்.

"கருப்பாயி!"

செக்ரோலில் இருந்த வரிசையில், ஒன்று பிசகாமல், மனப்பாடமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். ஆளில்லாத முற்றத்தில் ஒவ்வொரு பேரும் போய் நின்று காத்திருந்து, இறப்பர் மரங்களுக்குள் கலைந்துபோயிற்று. மகளின் பிறந்த நாள் ஞாபகமில்லாத ஆள் அவர். தொரை காதோடு ஏதோ விளக்கியதும் வெள்ளைக்காரியின் கண் கலங்கியது. எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"தெரேசம்மா!"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். எல்லாத் தலைகளும் திரும்பின. கேமராவும் திரும்பியது. தலைவிரிகோலமாக நின்ற அவளைப் பார்த்து, சொல்லு சொல்லு என்று கையால் காட்டினார் சின்னத்தொரை. 'வந்திருக்கேன்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் சோடி கிடைத்துவிடும் அவருக்கு. இங்கே அவள் வாயைத் திறந்தால் அங்கே சரோனுக்குக் கதவு மூடும். மெத்தையின் சூடு இன்னும் முதுகில் இருந்தது.

"தெரேசம்மா!"

இந்தக் குரலில் இந்தப் பேர் கூப்பிடப்பட்ட இன்னொரு விடியற்காலை உண்டு. சரோன் முப்பது நாள் தாண்டாத பச்சைப்பிள்ளை. பால் குடித்துக்கொண்டே தூங்குகிற பிள்ளையை மாரிலிருந்து பிரித்துப் படுக்கவைத்துவிட்டு, தெரேசம்மா பெரட்டுக் களத்துக்கு மூச்சு வாங்க ஓடிவந்தாள். அவள் வந்து நிற்பதை யோசப் பார்த்தார். பெரிய தொரை பக்கத்தில் நிற்பதையும் பார்த்தார். "பிந்தி வந்தா பேரு இல்ல. வீட்டுக்குப் போ," என்றார். அன்றைய சம்பளம் போய் அவள் திரும்பிப் போகும்போது, சுரந்த பாலில் சட்டை நனைந்திருந்தது. "யோசப் நல்ல கங்காணி. சொந்தப் பொம்பளைன்னும் பாக்கலே," என்று பெரிய தொரை சொன்னாராம். அதை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் எந்தச் சாவு வீட்டிலும் சொல்லத் தவறியதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுவார், அவளும் சேர்ந்து பெருமைப்படுவாள் என்கிற மாதிரி.

"தெரேசம்மா!"

மூன்றாம் தடவை. இப்போது அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு நின்றாள்.

"பேரு இல்ல," என்றார் யோசப். அடுத்த பேருக்குப் போனார். அடுத்த பேருக்குப் போவதில் அவருக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

தொரை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். அவளுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. சோடிதான் அழகு, தனி ஆளை வைத்து என்ன செய்வது என்றார் அவர். அவள் விருந்தாளிகளுக்கு முன்னால் ரொட்டி தட்ட வேண்டும், காலையில் கூடை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், வெள்ளைக்கார நோனாமார் படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சுவரில் தொங்கிய புத்தம் புதுத் தேயிலைக் கொழுந்துக் கூடையைக் காட்டினார்.

"நான் பால் வெட்டுனவ மாத்தயா. கூடை மாட்டுனதில்ல."

"அவங்களுக்கு அது தெரியாதே."

"எனக்குத் தெரியுமே. நான் வரல்லிங்க மாத்தயா. எனக்கு அங்க வேலை இருக்கு, காம்பரா இருக்கு, மகள் இருக்கா."

தொரையின் முகத்தில் வெயில் போயிற்று. தள்ளி நின்ற யோசப்பைப் பார்த்து, "மொகத?" என்றார். என்ன இது என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் தேடி யோசப் அவளை அடுப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு வார்த்தை. வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை. சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"சரோனும் புள்ளையும் எங்க போவாங்க?"

"அவளுக்குப் புருஷன் வீடு இல்லியா?"

"இல்லன்னுதானே வந்திருக்கா! ஒங்களுக்குத் தெரியாதா, இல்ல நேத்துத்தான் கப்பல்ல வந்து எறங்குனீங்களா?"

"மெதுவாப் பேசு. தொரைக்குக் கேக்கப் போவுது."

"கேக்கட்டும். முப்பத்தஞ்சு வருசமா அவனுங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னே பேசிப் பேசி என் தொண்டை இத்துப்போச்சு."

யோசப் தலையில் கையை வைத்துக்கொண்டு விறகுக் குவியலில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க என்னை யாரு கேக்கிறா தெரேசு? மூக்கையா கேக்கிறான், பேரு குடுக்க வந்தியான்னு. இங்க தொரை என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீயும் பாத்தேல்ல?"

பார்த்தாள்தான். எவனோ ஒருவனுடைய தமாஷுக்குத் தப்படித்தால் அதற்கு ஓடிப்போய் நிற்பதை ஒரு மனுஷன் வாழ்வு என்று நினைக்கிறார். ஆனால் அவருக்குச் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்பதும் தெரிந்தது. இரக்கம் வந்திருக்க வேண்டிய இடம். வந்தது என்று சொல்ல முடியாது. கொசு கடித்த அளவுக்கு ஏதோ வந்தது, சொறிந்துவிட்டாள்.

"அப்ப நீங்க இருங்க," என்றாள். "நான் போறேன். எம்பேர இதுல இழுக்காதீங்க."

"நான் மட்டுமா? தொரை ஒத்துக்கிட மாட்டாரே."

"போய்க் கேளுங்க. கேக்கிறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே."

கேட்டார். தொரை யோசித்தார். வெள்ளைக்காரர்களுக்குப் பேர் கூப்பிட்டது அத்தனை பிடித்துப்போயிருந்தது. மத்தியானத்துக்குள், சரி, கங்காணி மட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரு காக்கிக் கோட்டும் தலைப்பாகையும் தைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். அந்தச் செய்தியை யோசப் அவளிடம் கொண்டுவந்தபோது அவருடைய முகத்தில் மாப்பிள்ளைக் களை. அவளுடைய கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இப்படி இல்லை.

இரண்டாம் ராத்திரிக்கு அவள் நிற்கவில்லை. றஊப் ஜீப்பை எடுக்க வந்தான். வழியனுப்ப யோசப்புக்கு நேரமில்லை. வெள்ளைக்காரர்கள் இன்னொரு தடவை பேர் கூப்பிடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், இந்தத் தடவை ஓடுகிற படமாகப் பிடிப்பதற்கு. ஜீப் வளைவில் இறங்கும்போது மேலேயிருந்து குரல் கேட்டது. மூக்காயி. கந்தையா. கருப்பாயி. றஊப் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.

"தெரேசம்மா!"

"வன்டிர்க்கேன்!" என்று பதில் வந்தது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் வெள்ளைக்காரி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக நின்றிருந்தாள். யோசப் அவளைப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

தெரேசம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"ஒங்கட எடத்துக்கு ஆள் கெடச்சிட்டு அக்கா," என்றான் றஊப்.

"கெடச்சுது தம்பி. அட்டையில இருந்து எல்லாத்தையும் அவளே பாத்துக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் சரோன் வாசலை எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்கம்மா?"

"அங்க பெரட்டு நடக்குது. அவரு இல்லாம முடியாதாம்."

அன்றைக்கு யோசப்பின் கட்டிலில் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள்.

யோசப் மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். பிறகு நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் வந்தார். வந்தால் காக்கிக் கோட்டைக் கழற்றமாட்டார். எந்த நாட்டுக்காரன் வந்தான், எவள் அவரோடு நின்று படம் எடுத்தாள் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். ஜெர்மனியிலிருந்து ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாளாம். "எதுக்கு அழுதா?" என்று மூக்கையா கேட்டதற்கு, "அதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்," என்றார். தெரேசம்மா அவருக்குச் சோறு போட்டாள், கோட்டின் கழுத்து அழுக்கைத் துவைத்துக் கொடுத்தாள்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. சாவடிகளில் மணல் மூட்டையைப் புதிதாக அடுக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. கொஞ்ச நாள் யோசப் ஆளில்லாத முற்றத்தில் தொரையின் நாய்க்கு முன்னால் பேர் கூப்பிட்டார் என்று றஊப் பிறகு ஒரு தடவை தெஹியோவிட்டையில் கண்டபோது சொன்னான். மழையில் மானாப்புல் அழுகி ஒழுகத் தொடங்க, தொரை கதவுகளைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனார். போகும்போது யோசப்பின் தோளில் இன்னொரு தடவை கை வைத்தாராம்.

ஒரு பின்னேரம் தெரேசம்மா பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்தபோது, முன்திண்ணையான இஸ்தோப்பின் வாசலுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். பையைக் காலடியில் வைத்திருந்தார். கோட்டில் பொத்தான்கள் இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே சரோன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், பேரன் தரையில் எழுதிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போகவில்லை.

"ஏன் வெளியில நிக்கிறீங்க?" என்றாள்.

"இல்ல... காம்பரா ஒம்பேருலதானே இருக்கு." இரண்டு கையும் முன்னால் கட்டியிருந்தது. முதுகு ஈரத் துணியாகத் தொங்கியது. "உள்ள வரலாமான்னு கேட்டுட்டு..."

அவளுக்குச் சுரீரென்றது. அந்த முதுகைத் தொரைமாருக்கு முன்னால்தான் அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அது அவளுக்கு முன்னால் வளைந்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அடுக்கி வைத்திருந்தது எல்லாம் வாய்வரை வந்து, இந்த ஆளிடம் சொல்லி என்னத்துக்கு என்று திரும்பிப் போயிற்று.

"பீலியில தண்ணி வருது. வாளிய எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு நடை கொண்டாங்க மொதல்ல," என்றாள்.

"ஆகட்டும்," என்றார் யோசப். உத்தரவு கிடைத்த முகம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, அந்த வயதிலும், ஓட்டமாக ஓடினார்.